மெலிவில் விளைந்த வலிமை

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள விருத்தாசலம், பழமலைநாதர் திருக்கோயிலால் பெருமை பெற்ற தொன்மையான ஊர். பீங்கான் தொழிலாலும் அது புகழ் பெற்றுள்ளது. அங்குள்ள தொழிற்கூடங்களில் களிமண் கூழை அச்சுகளில் வார்த்துப் பொம்மைகளும், மின்சார வேலைக்கு உரிய பீங்கான் பொருள்களும் செய்கின்றனர். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொருள் மிகவும் மெலியது. நீரில் இட்டால் கரையும். சிறிது அழுத்தினால் உடையும். ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சூளையில் வெந்தபின் அதுவே நீரில் கரையாத திண்மையைப் பெறுகிறது.

மண்ணின் இயல்பை நன்கு அறிந்திருந்த விவிலிய ஆசிரியர்கள் மனிதனை மட்கலத்துக்கு ஒப்பிட்டனர். கலம் உடையக்கூடியது, அதனுள் விளங்கும் ஆற்றலோ இறைவனுடையது என்பது கிறித்தவர்களின் நம்பிக்கை. பவுல் அடிகள் தம்மை வருத்திய குறை நீங்குமாறு மும்முறை வேண்டினார் என்றும், குறை நீங்காமலே அதனைத் தாங்குவதற்குரிய அருளைப் பெற்றார் என்றும் விவிலியம் கூறுகிறது. மனிதனுடைய மெலிவிலேயே இறையாற்றல் நிறைவாக விளங்கும் என்பது அவர் உணர்ந்த உண்மை. இவ்வுண்மையை நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்து காட்டியவர், வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் ஆவார்.

மேரி 1925ஆம் ஆண்டில் கொச்சியை அடுத்த செராய் என்னும் ஊரில் வளமான கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மருத்துவம் கற்கும் விருப்பத்தால் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி, ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்ததாகும். மேரி அங்கே பட்டம் பெற்று, மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெறுவதற்கு முற்பட்டார். தாய்மாருக்கும் சேய்களுக்கும் தொண்டு செய்வதே தம் வாழ்க்கையாக அமையும் என்று கருதியிருந்தார்.

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மருத்துவர் சிலருடன் சென்ற ஊர்தி கவிழ்ந்தது. அவ்விபத்தில் அவருடைய முகம் ஆழமாகக் கிழிந்தது; முதுகெலும்பு முறிந்தது. முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடமே மூளையின் ஏவலைக் கால்களுக்குக் கொண்டு செல்வது. அறுந்த தோல் கூடும். ஒடிந்த எலும்பும் கூடும். சிதைந்த தண்டுவடமோ மீண்டும் கூடுவதில்லை. ஆதலால் மேரியின் இடுப்புக்குக் கீழ் அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. நேற்றுவரை நோயாளரின் படுக்கை அருகே நின்றவர், இன்று தாமே நோயாளராய்ப் படுத்திருந்தார். புரண்டு படுப்பதற்கும் பிறர் கை வேண்டியிருந்தது. முகத்தின் வடுவும் நிலைத்துவிட்டது.

நடக்க இயலாமையினும் பெரிய துன்பம் ஒன்று அவரை வாட்டியது. மருத்துவர் என்பதே அவர் தமக்கென்று தேடிக்கொண்ட அடையாளம். அது போய்விட்டால் எஞ்சுவது யாது? பிறருக்கு உதவ விரும்பிய தாம் பிறருக்குச் சுமையாகவே வாழ்நாளைக் கழிக்க நேருமோ என்னும் கவலை அவரைச் சூழ்ந்தது.

அந்நாளில் அவருக்கு வழிகாட்டியவர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர். 1914ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த அவர், தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீர்ப்படுத்தும் மருத்துவத்தில் முன்னோடியாக விளங்கினார். தொழுநோய் கையின் நரம்புகளைத் தாக்கும்போது, உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயல் இழக்கின்றன. விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்துவிடுகின்றன. ஆயினும் முன்கையின் தசைகள் சில நலமாகவே இருக்கும். அத்தகைய நல்ல தசை ஒன்றின் நாணை வேறு வழியே கொண்டு சென்று விரல்களில் பொருத்தினால், மடங்கிய விரல்கள் மீண்டும் நிமிரும்.

மேரியின் முதுகெலும்புக்கும் அறுவை மருத்துவம் செய்த பிராண்டு, அவர் மீண்டும் மருத்துவப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். இழந்த கால்களையே எண்ணியிருந்தவர், இழக்காத கைகளை நோக்கினார். கையில் செய்யும் அறுவைக்கு நிற்க வேண்டுவதில்லை, அமர்ந்தே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அக்கலையைப் பயின்றார். முதலில் பிறருக்கு உதவியாளராக இருந்தார். பின்பு தாமே அறுவை செய்தார். முடங்கிய கைகள் பல அவரால் நிமிர்ந்தன.

இங்கே ஒரு புதுமை நிகழ்ந்தது. தொழுநோயாளர்கள் அக்காலத்தில் வீட்டாராலும் ஊராராலும் ஒதுக்கப்பட்டு, நம்பிக்கை இழந்து வாழ்ந்தவர்கள். அவர்கள் தம் எதிரே சக்கர நாற்காலியில் வந்த மருத்துவரைக் கண்டனர். தங்களால் நடக்க முடிகிறது. இம்மருத்துவரால் அதுவும் இயலவில்லை. எனினும் அவர் சோர்ந்திருக்கவில்லை. அவரைக் கண்ட நோயாளர்களிடமிருந்து தன்னிரக்கம் மெல்ல விலகியது. நலமான மருத்துவர்களின் ஆறுதல் உரைகள் செய்ய இயலாததை மேரியின் ஊனமே செய்தது. எது தம்மைப் பணியிலிருந்து விலக்கும் என்று அவர் அஞ்சினாரோ, அதுவே அப்பணிக்கு அவரைத் தகுதியாக்கியது.

பின்னர் மேரி ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்று, கால்கள் செயலிழந்த நிலையில் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் பயிற்சியைப் பெற்றார். அதன்பின் அமெரிக்கா சென்று, நியூயார்க்கு நகரில் ஹோவர்டு ரஸ்க் என்னும் மருத்துவ அறிஞர் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். நோயைத் தீர்க்க இயலாத இடத்திலும் நோயாளரைக் கைவிடாத மருத்துவம் அது. எஞ்சிய ஆற்றலைக் கொண்டு வாழவும் உழைக்கவும் அது கற்பிக்கிறது.

தாயகம் திரும்பிய அவர், 1963ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். நோயாளர் தங்கிப் பயிற்சி பெறுவதற்குரிய மறுவாழ்வு நிலையம் 1966ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இந்தியாவில் அத்தகைய நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. மரத்திலிருந்து விழுந்தும் விபத்தில் சிக்கியும் தண்டுவடம் சிதைந்தவர்கள், படுக்கைப் புண்ணைத் தவிர்க்கவும், கைவலிமையால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், ஊர் திரும்பிப் பிழைக்கவும் இத்தகைய பயிற்சியே வழி செய்கிறது. அப்பயிற்சியை நடத்திய தலைவரும் சக்கர நாற்காலியிலேயே இருந்தார். நோயாளருக்கு அதனினும் சிறந்த பாடம் வேறு யாது?

இந்திய அரசு 1972ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளித்து அவரைப் பாராட்டியது. 1986ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

மேரி வர்கீஸ் அம்மையார் விபத்துக்குப்பின் இறுதிவரை நடக்கவில்லை. ஆதலால் குறையை நீக்கி வென்றவர் என்று அவரைக் கூறுவது பொருந்தாது. குறையையே கருவியாக்கிக் கொண்டவர் என்பதே பொருந்தும். மருத்துவர், நோயாளர் என்னும் இரண்டு நிலைகளும் அவரிடம் ஒன்றாயின. துன்புறுவோரின் பக்கத்தில் அமர்ந்து, அவர்களுள் ஒருவராகவே தொண்டு செய்தார். தம்மிடம் இல்லாததை எண்ணி ஏங்காமல், இருப்பதை இறைவனுக்கும் மக்களுக்கும் உரியதாக்கிய அவருடைய வாழ்க்கை, குறையுடையோர் நிறையுடையோர் ஆகிய இருசாராருக்கும் வழிகாட்டியாகும்.