லாட ஆணியைப் பொறுக்கிய காந்தம்: டயரோடு மல்லுக்கட்டிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் யார்?

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனியிலிருந்து குமுளி போகும் சாலைக்குத் தூக்கம் கிடையாது. சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் காரும் வேனும் பஸ்ஸும் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வரிசைகட்டும். கம்பம்மெட்டு வழியாக மேலே ஏற்றி, குமுளி வழியாக இறக்கிவிடுவது சீசன் நேரத்துப் போலீஸ் ஏற்பாடு. நடுவில் திராட்சை லாரி, வாழைத்தார் லாரி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். இந்த நெரிசலில் ஏதோ ஒரு வண்டியின் முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பயம் புதுசு இல்லை. தேனி, கம்பமெல்லாம் மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில், மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதே டயர் தொல்லையோடு மல்லுக்கட்டினார். டி.வி.எஸ் என்ற மூன்று எழுத்து இன்று எல்லோருக்கும் தெரியும். அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் யார், அவருக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?

வக்கீல், ரயில்வே, பேங்க்… பிறகு பஸ்!

சுந்தரம் ஐயங்கார் பிறந்தது 1877 மார்ச் 22. ஊர், நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடி. பெயருக்கு முன்னால் இருக்கும் 'டி' அந்த ஊர்தான். வக்கீல் வேலையில் தொடங்கி, ரயில்வேக்குப் போனார். பிறகு ஒரு வங்கி. மூன்றுமே அந்தக் காலத்தில் மரியாதையான வேலைகள். எதிலும் அவர் தங்கவில்லை.

1912-ல் பஸ் ஓட்டும் தொழிலில் இறங்கினார். மாட்டு வண்டியும் ரயிலும்தான் பயணம் என்றிருந்த நேரம் அது. ரயில் போகாத ஊருக்கு மோட்டார் வண்டி விட்டால் ஆள் ஏறுமா என்பதே பெரிய கேள்வி. ஏறினார்கள். மதுரையைத் தலைமையிடமாக வைத்து டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் வளர்ந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் சதர்ன் ரோட்வேஸ் என்ற நிறுவனம் வந்தது.

அவர் பஸ்ஸுக்குக் கிடைத்த பெரிய பெயர், நேரம் தவறாது என்பதுதான். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் நேரத்துக்குப் போவதற்கு இன்ஜின் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. வழியில் ஒரு பஞ்சர் ஆனால் போதும், மொத்தக் கணக்கும் காலி.

டயருக்கு எமன் யார்?

மாடுதான்! சரியாகச் சொன்னால், மாட்டின் லாடம். வண்டி மாட்டின் குளம்பில் இரும்பு லாடம் வைத்து ஆணி அடிப்பார்கள். நடக்க நடக்க ஆணி கழன்று ரோட்டில் விழும். கப்பி ரோட்டில் அது கிடப்பதே தெரியாது. காற்றடைத்த டயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜான் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த ஒரு மாட்டு டாக்டர். 1888-ல் காப்புரிமை வாங்கினார். மாட்டு டாக்டர் கொண்டுவந்த சாமானுக்கு நம்ம ஊரில் மாட்டு லாடமே எமன் ஆனது வேடிக்கைதான்.

மற்றவர்கள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஆணியே இல்லாமல் செய்தால் என்ன என்று யோசித்தார் சுந்தரம் ஐயங்கார். பஸ் போகும் பாதையில் காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் ஓடவிட்டு, கிடக்கிற ஆணிகளைப் பொறுக்க வைத்தார். ரோடு அரசாங்கத்துடையது, மாடு ஊராருடையது, ஆணி யாருடையதோ. ஆனால் வண்டியில் உட்கார்ந்திருக்கும் உயிர்களுக்குப் பொறுப்பு தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட முதலாளி அவர். நேரம் தவறாமை என்ற அந்தப் பெயருக்குப் பின்னால் இந்தக் காந்தமும் இருக்கிறது.

ஆணிக்கும் டயர் வெடிப்புக்கும் என்ன தொடர்பு?

நிறைய பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. காத்து அதிகமானால்தான் டயர் வெடிக்கும் என்று நினைக்கிறோம். காத்து குறைந்த டயர்தான் பெரும்பாலும் ஆபத்து. காத்து குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். அதில் சூடு ஏறும். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் பிரியும். மேலே பாரமும் வேகமும் சேர்ந்தால் ஒரு நொடியில் கிழிந்துவிடும்.

ட்யூப் போட்ட டயரில் ஆணி ஏறினால் காத்து சட்டென்று இறங்கும், தெரிந்துவிடும். இன்றைய கார்களின் ட்யூப்லெஸ் டயரில் மெல்லக் கசியும். ஓட்டுகிறவருக்கே தெரியாமல் கம்பத்திலிருந்து கூடலூர் வரை வந்துவிடலாம். லாரியில் இன்னொரு சிக்கல்: பின்னால் இரட்டைச் சக்கரம் இருப்பதால், ஒன்றில் காத்து இறங்கினாலும் வண்டி சாயாது. அதன் பாரத்தையும் சேர்த்துப் பக்கத்து டயர் சுமக்கும். பிறகு அதுவும் போகும். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் இறங்கும். போடிமெட்டிலும் குமுளி மலையிலும் கீழ் கியரில் இறங்கச் சொல்வது பிரேக்குக்காக மட்டும் இல்லை.

போர் வந்தது, ரப்பர் போனது

1942 தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போயின. உலகத்துக்கு ரப்பர் கொடுத்த தோட்டங்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் இருந்தது. பெட்ரோலுக்கும் ரேஷன், டயருக்கும் பஞ்சம். நிறைய பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள்.

சுந்தரம் ஐயங்காருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியை எரித்து வாயு எடுத்து ஓட்டும் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட்டை உருவாக்கினார். தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் தொழிலைத் தொடங்கினார். பழைய டயரின் மேல்பகுதியைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அச்சில் வைத்துச் சூடேற்றி எடுப்பதுதான் ரீட்ரெட். உடம்பு பழசு, செருப்பு புதுசு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது. அடியில் இருக்கும் உடம்பு நன்றாக இருந்தால்தான் மேலே ஒட்டுவது நிற்கும். வெடிப்பு, வீக்கம், பழைய கிழிசல் உள்ள டயரைக் கழித்துப் போட்டுவிட வேண்டும். இன்றும் விவரமான லாரிக்காரர்கள் முன் சக்கரத்துக்குப் புது டயர், ரீட்ரெட் எல்லாம் பின்னால் என்று எழுதாத சட்டம் வைத்திருக்கிறார்கள். பின்னால் ஒன்று போனால் வண்டி தாங்கும். முன்னால் போனால் ஸ்டீயரிங் கையை விட்டு இழுக்கும்.

குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவர்களுக்கும் அதே பாடம்தான், அளவு மட்டும் வேறு. காலையில் டயர் சூடாவதற்கு முன் காத்து பார்க்க வேண்டும், ஸ்டெப்னி உட்பட. டிரெட் ஆழம் 1.6 மி.மீ-க்குக் கீழே போனால் சட்டப்படியே கார் டயரை மாற்ற வேண்டும். பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். வருஷத்தில் நாலு தடவை மட்டும் வெளியே எடுக்கும் காரில் டயர் தேயாது, ஆனால் ரப்பர் கிழடு தட்டும். ஓடும்போது வெடித்துவிட்டால் பிரேக்கை மிதித்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்தபின் ஓரம் கட்ட வேண்டும்.

வீட்டில் ஒரு பெரிய முடிவு

தொழிலுக்கு வெளியே அவர் வாழ்க்கையைச் சோதித்தது மகள் சௌந்தரத்தின் துயரம். சிறு வயதிலேயே கல்யாணம், டாக்டரான கணவர் இளவயதில் இறந்துவிட்டார். விதவைப் பெண் மூலையில் உட்கார வேண்டும் என்றிருந்த காலத்தில் அந்தப் பெண் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். அவர்தான் பிறகு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்து, 1947-ல் திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம்.

கடைசிக் காலம்

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய சுந்தரம் ஐயங்கார், 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். வயது 78. 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆனது. 1982-ல் அதே குடும்பம் மதுரையில் டி.வி.எஸ் ஸ்ரீசக்ரா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயரே தயாரிக்க ஆரம்பித்தது.