யதுநாத சர்க்கார்

வங்க நாடு கவிஞர் பலரையும் அறிவியல் வல்லுநர் பலரையும் ஈன்று புகழ்பெற்றது. அந்நாடு வரலாற்றுத் துறைக்கு அளித்த பெரும்புலவர் யதுநாத சர்க்கார் ஆவார். ஔரங்கசீப்பின் ஆட்சியையும், முகலாயப் பேரரசின் வீழ்ச்சியையும் ஆண்டும் திங்களும் குறித்து இன்று நாம் படிக்க இயலுகின்றதென்றால், அதற்கு இவருடைய உழைப்பே பெருங்காரணமாகும்.

இவர் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், ராஜசாகி மாவட்டத்துக் கரச்மாரியா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் ராஜ்குமார் சர்க்கார் நிலக்கிழார். நூல்களை விரும்பித் தொகுத்தவர். தந்தையாரின் நூற்றொகுதி மைந்தர்க்கு இளமையிலேயே கல்வி வேட்கையை ஊட்டிற்று. யதுநாதர் கல்கத்தாவிலுள்ள பிரசிடென்சிக் கல்லூரியிற் பயின்று, 1892இல் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டத் தேர்வில் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டே ரிப்பன் கல்லூரியில் ஆங்கில ஆசிரியரானார். ஆங்கிலம் கற்பித்தவர் வரலாற்று ஆசிரியராக மாறியதற்கு, பிரேம்சந்த் ராய்சந்த் ஆராய்ச்சிப் பரிசின்பொருட்டு அவர் எழுதிய கட்டுரை வழிவகுத்தது. அது விரிந்து, ஔரங்கசீப் காலத்து இந்தியாவின் நில அமைப்பையும் வருவாயையும் சாலைகளையும் விளக்கும் நூலாக 1901இல் வெளிவந்தது.

அதற்குள் அவர் பாட்னாக் கல்லூரியிற் பணியேற்றிருந்தார். பாட்னாவில் குதா பக்ஷ் என்னும் பெருமகனார் தம் பாரசீக, அரபு ஏட்டுச்சுவடிகளையெல்லாம் பொதுமக்களுக்கு உரிமையாக்கி, 1891இல் திறந்த நூலகம் ஒன்று உண்டு. யதுநாதர் பாரசீக மொழியைக் கற்று அச்சுவடிகளுள் மூழ்கினார். இடையே காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் கட்டாக்கு ராவென்ஷாக் கல்லூரியிலும் சில ஆண்டுகள் பணிபுரிந்தாரேனும், 1926 வரை அவருடைய ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதி பாட்னாவிலேயே கழிந்தது.

ஔரங்கசீப் 1658 முதல் 1707 வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அரசாண்டவர். ஆனால் அவரது ஆணையால் எழுதப்பெற்ற அரசவை வரலாறு முதற் பத்தாண்டுகளோடு நின்றுவிட்டது. இனி எழுதவேண்டா என்று மன்னரே தடுத்துவிட்டார். எஞ்சிய நாற்பதாண்டுச் செய்திகளை எங்கே தேடுவது? மன்னர் மறைந்தபின் ஒருவர் எழுதிய சுருக்கமான நூலும், கேள்வியாலும் நினைவாலும் தொகுத்தோர் நூல்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றை மற்றொன்று மறுக்கும். யதுநாதரோ, நிகழ்ச்சி நடந்த அந்நாளிலேயே எழுதப்பெற்றவற்றைத் தேடினார். தளபதியர் மன்னருக்கு எழுதிய கடிதங்கள், மன்னர் தம் மக்களுக்கு எழுதிய ஓலைகள், அரசவையில் அன்றன்று நிகழ்ந்தவற்றைக் குறித்த நாட்செய்தித் தாள்கள் ஆகிய இவையே அவர் நாடிய செல்வம். நாட்செய்தித் தாளுக்கு அழகில்லை, அணியில்லை. இன்ன நாளில் இன்ன தளபதி இன்ன ஊரில் தங்கினான் என்பதே அதன் பேச்சு. ஆயினும் புகழ்மொழி நிறைந்த ஒரு காவியத்தைவிட அத்தகைய ஒரு தாளை அவர் பெரிதாக மதித்தார்.

அத்தாள்கள் ஓரிடத்திற் கிடைத்தனவல்ல. ஒரு பகுதி ஜெயப்பூர் அரண்மனையிற் கட்டுண்டு கிடந்தது. மற்றொரு பகுதியை டாட் என்னும் ஆங்கிலேயர் முன்னரே இலண்டனுக்குக் கொண்டு சென்றிருந்தார். யதுநாதர் அவற்றுக்குப் படியெடுத்துத் தருவித்தார். ஐரோப்பிய நூலகங்களிலுள்ள சுவடிகளைப் பெறுவதற்கு வில்லியம் இர்வின் என்னும் அறிஞர் துணைபுரிந்தார். 1911இல் இர்வின் மறைந்தபோது அவரது நூல் முற்றுப்பெறாது நின்றது. யதுநாதர் அதைச் செப்பனிட்டுப் பதிப்பித்து நன்றிக்கடன் தீர்த்தார். ஜகாங்கீர் காலத்தில் வங்கத்திலும் அசாமிலும் நடந்த போர்களைப் பற்றி மிர்சா நாதன் எழுதிய நூலொன்று, பாரிசு நகரத்து நூலகத்தில் இன்னதென்று அறிவாரின்றிக் கிடந்தது. அதனை அடையாளம் கண்டு உலகுக்கு அறிவித்தவரும் இவரே. பாரசீகமேயன்றி மராத்தி, பிரெஞ்சு, போர்ச்சுக்கீசிய மொழிகளையும் அவர் இதற்காகவே கற்றார்.

ஔரங்கசீப் வரலாறு 1912 முதல் 1924 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. இடையே 1919இல் சிவாஜியின் வரலாற்றையும் வெளியிட்டார். சிவாஜியின் பெருமையை அந்நூல் மறைக்கவில்லை. எனினும், அவர் காலத்துக்குப் பன்னெடு நாள் பின்னர் எழுந்த கதைகளைச் சான்றாகக் கொள்ள மறுத்தது. மராத்தியருட் பலர் இதனால் மனம் வருந்தினர். புனேயைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் கடிந்தும் எழுதினர். யதுநாதர் தம் முடிபைத் தளர்த்தவில்லை. ஆனால் புதிய சான்று கிடைத்தபோது மட்டும் தயங்காது திருத்தினார். சிவாஜி 1666இல் ஆக்ராவிலிருந்து தப்பிய நிகழ்ச்சியைக் கூறும் இராசத்தானி மொழிக் கடிதங்கள் ஜெயப்பூரிற் கிடைத்ததும், அப்பகுதியைப் புதுக்கி எழுதினார்.

மராத்தியர் எல்லாரும் அவரைப் பகைத்தனர் என்று எண்ணிவிடலாகாது. பரோடா அரசிற் பணியாற்றிய கோவிந்த சகாராம் சர்தேசாய், ஐம்பதாண்டுகளுக்கு மேலாக அவருடைய உயிர்நண்பர். ஒருவர் மராத்தி ஏடுகளில் வல்லவர். மற்றவர் பாரசீக ஏடுகளில் வல்லவர். இருவரும் கோட்டைகளையும் போர்க்களங்களையும் நேரிற் சென்று கண்டனர். ஒருவர் எழுத்தை ஒருவர் திருத்தினர். புனேயில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த பேஷ்வாக்களின் ஆவணங்கள் சர்தேசாயின் கையால் 45 தொகுதிகளாக அச்சேறுவதற்கு யதுநாதரின் முயற்சியும் துணையாயிற்று.

1926 முதல் 1928 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். ஆங்கில அரசு 1929இல் சர் பட்டம் வழங்கியது. இப்பதவியும் பட்டமும் அவர் வாழ்வில் சிறு பகுதிகளே என்பது எம் கருத்து. முகலாயப் பேரரசின் வீழ்ச்சியை நான்கு தொகுதிகளில் உரைக்கும் நூலே அவருடைய முதுமைப்பணி. முதன்மூன்றும் 1932, 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன, நான்காவது தாமதித்தது. அக்காலத்தே துன்பங்கள் அவரை அடுத்தடுத்துத் தாக்கின. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிக் கல்கத்தாவில் மூண்ட கலவரத்தில் அவருடைய மூத்த மைந்தர் கொலையுண்டார். பிறந்த மண் வேறு நாடாயிற்று. முதியவர் அழுது ஓய்ந்துவிடவில்லை. பாரசீக நூலொன்றை மொழிபெயர்த்து வெளியிட்டார். பிறர் முன்னர் மொழிபெயர்த்த அயினி அக்பரியைத் திருத்தினார். நான்காம் தொகுதி 1950இல், அவருக்கு எண்பது வயது நிரம்பும் ஆண்டில் வெளிவந்தது.

அவருடைய முடிபுகள் அனைத்தையும் பின்வந்தோர் ஏற்றுக்கொள்ளவில்லை. பேரரசின் வீழ்ச்சிக்கு மன்னரின் சமயக் கொள்கையை அவர் பெருங்காரணமாகக் காட்டினார். 1963இல் வெளிவந்த இர்பான் ஹபீபின் நூலோ, நிலவரிச் சுமையையும் உழவர் துயரத்தையும் முன்னிறுத்தியது. இவ்வாறு மறுப்போரும் அவர் திரட்டிய சான்றுகளைப் புறக்கணிக்க இயலவில்லை.

யதுநாதர் 1958 மே திங்களிற் கல்கத்தாவிற் காலமானார். அவர் ஐம்பதாண்டுக்கு மேலாகத் தேடித் தொகுத்த நூல்களும் சுவடிப் படிகளும் அந்நகரத்துத் தேசிய நூலகத்திற் சேர்க்கப்பட்டு, ஆராய்வோர்க்குப் பயன்பட்டு வருகின்றன.