உழாத உழவர்

ஜப்பான் நாட்டின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது சிகோகு. அத்தீவில் 1913ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மசனோபு ஃபுகுவோகா பிறந்தார். அவருடைய தந்தையார் நிலவுடைமையாளர். நெல்வயல்களும் குன்றுச்சரிவில் ஆரஞ்சுத் தோட்டமும் அக்குடும்பத்திற்கு இருந்தன. ஏர் பிடிக்கும் குடியில் பிறந்த இவரே, பின்னாளில் ஏரை வயலுக்குள் விடாமல் நெல் விளைவித்தார்.

இளமையில் அவர் பயிர்நோய் இயலைக் கற்றார். 1934இல் யோக்கோகாமா நகரின் சுங்கத்துறையில் பணியில் சேர்ந்தார். துறைமுகத்தில் வந்திறங்கும் செடிகளையும் பழங்களையும் நுண்நோக்கியின் கீழ் வைத்து ஆராய்வதே அவர் வேலை. இருபத்தைந்தாம் அகவையில் கடும் நுரையீரல் அழற்சியால் மருத்துவமனையில் படுத்தார். நோய் நீங்கியும் மனம் தேறவில்லை. உறக்கமின்றி அலைந்த ஓர் இரவு, துறைமுகத்தை நோக்கிய மேட்டில் ஒரு மரத்தடியில் சோர்ந்து கிடந்தார். விடியும் வேளையில் வக்கா ஒன்று குரலெழுப்பிப் பறந்தது. அந்த நொடியில், மனிதன் சேர்த்து வைத்த அறிவெல்லாம் இயற்கையின் முன் பொருளற்றது என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே பணியைத் துறந்தார்.

ஊர் திரும்பிய மகனிடம் தந்தையார் ஆரஞ்சுத் தோட்டத்தை ஒப்படைத்தார். இயற்கையை அதன் போக்கில் விட்டால் போதும் என்று எண்ணிய ஃபுகுவோகா, கிளைகளைக் கவாத்து செய்யாமல் மரங்களை அப்படியே விட்டுவிட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சிகள் பெருகின, மரங்கள் பட்டுப்போயின. ஒரு தலைமுறையின் உழைப்பு சில ஆண்டுகளில் அழிந்தது. கைவிடுவது வேறு, இயற்கையோடு இயைந்து பயிரிடுவது வேறு என்பதை அவர் தந்தையின் இழப்பில்தான் கற்றார். இப்பெருமகனாரின் வாழ்வில் நாம் மறைக்கக் கூடாத பகுதி இது. அவரும் இதனை மறைக்கவில்லை. தம் நூலில் தாமே எழுதியுள்ளார்.

பின்னர்க் கோச்சி மாநிலத்தின் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஏறத்தாழ எட்டாண்டுகள் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மீண்டும் சொந்த ஊருக்கே வந்தார். போருக்குப் பிந்தைய நிலச்சீர்திருத்தத்தால் குடும்பத்தின் நெல்நிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப்போயிற்று. எஞ்சிய சிறு வயல்களில்தான் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அவர் முன்பொருமுறை தரிசாகக் கிடந்த வயல் ஒன்றைக் கடந்து சென்றார். உழாத அம்மண்ணில், களைகளுக்கிடையே, நெற்பயிர்கள் தாமே முளைத்து நின்றன. இயற்கையில் நெல்மணி இலையுதிர்காலத்தில்தானே மண்ணில் விழுகிறது? நாம் மட்டும் ஏன் உழுது, நாற்று விட்டு, நட வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின.

உழாவிட்டால் களை மண்டும். மண் வளம் குன்றும். இவ்விரண்டு இடர்களுக்கும் அவர் கண்ட மருந்து வெள்ளைக் குளோவர் என்னும் சிறு பூண்டு. தில்லி, பஞ்சாப் பகுதிகளில் மாடுகளுக்கு இடும் பர்சீம் தீவனத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அது இதன் உறவுச் செடியே. குளோவர் தரையோடு படர்ந்து நிலத்தை மூடும். அதனால் இத்தகையவற்றை மூடுபயிர் என்பர். அதன் நிழலில் களைகள் தலைதூக்க மாட்டா. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருக்கு உணவாக்கும். நம் ஊர்களில் சணப்பையையும் தக்கைப்பூண்டையும் வளர்த்து மடக்கி உழுவார்கள் அல்லவா? இவரோ உழவே இல்லை. பூண்டை உயிரோடு விட்டுவைத்தார்.

அக்டோபர் மாதத் தொடக்கத்தில், கதிர் முற்றி நிற்கும் நெல்லுக்கிடையே குளோவர் விதையையும் வாற்கோதுமை விதையையும் தூவுவார். நெல்லை அறுத்தபின் வைக்கோலை நறுக்காமல், முழுதாகவே வயலெங்கும் பரப்புவார். ஒழுங்காக அடுக்கினால் முளைகள் மேலெழ இயலா; தாறுமாறாக வீசுவதே நன்று என்பது அவர் பட்டறிவு. நவம்பரில் அடுத்த பருவத்திற்கான நெல்விதையைக் களிமண் உருண்டைகளுக்குள் பொதிந்து எறிவார். பறவையும் எலியும் அதனைத் தின்ன முடியாது. மே மாதம் வாற்கோதுமை அறுவடை. அதன் வைக்கோலும் அதே வயலுக்கே திரும்பும்.

இனித்தான் சிக்கல். செழித்த குளோவர் இளநெல்லையும் அமுக்கிவிடும். ஜூன் மாத மழைநீரை ஒரு வாரம் அளவில் வயலில் தேக்கினார். நீரில் குளோவர் தளர்ந்தது, மடியவில்லை. நெல் அதனை ஊடுருவி எழுந்தது. இந்த ஒரு வாரக் கணக்கே அம்முறையின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

வைக்கோல் மக்குவதற்குச் சிறிது எருவும் வேண்டும். முதலில் வாத்துகளை வயலில் மேயவிட்டார். வீட்டிற்கும் வயலுக்கும் இடையே நெடுஞ்சாலை போடப்பட்டதும் வாத்துகளால் அதனைக் கடக்க இயலவில்லை. ஆகவே கோழி எருவுக்கு மாறினார்!

கால் நூற்றாண்டாக ஏர் தொடாத வயலில், கால் ஏக்கருக்கு ஏறத்தாழ 590 கிலோ தானியம் விளைந்ததாக அவர் குறித்துள்ளார். அந்நூல் 1975இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தது. தமிழில் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்னும் பெயரில் கிடைக்கிறது. உங்கள் பெற்றோருடன் சேர்ந்து படிக்கலாம். எனினும், போதிய மழையும் நீரும் உள்ள சிகோகுவின் முறை, வறண்ட நிலத்திற்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

வட இந்திய நகரங்களில் வாழும் நீங்கள், அக்டோபர், நவம்பர் மாதங்களில் கண் எரியும் புகையை அறிவீர்கள். பஞ்சாப், அரியானா வயல்களில் நெல்லை அறுத்தபின் எரிக்கப்படும் தாளடிக்கும் அப்புகையில் பங்கு உண்டு. அங்கும் நெல்லுக்குப்பின் கோதுமை. அதற்கான இடைவெளியோ சில வாரங்களே. உழவர் அவசரப்படுவதில் வியப்பில்லை. அதே மாதங்களில் ஃபுகுவோகா ஒரு தாளையும் எரிக்காமல் வயலுக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தார்.

1988இல் அவருக்கு ரமோன் மகசேசே விருதும், தாகூர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் தேசிகோத்தம விருதும் கிடைத்தன. முதுமையில் பாலைநிலங்களைப் பசுமையாக்கும் முயற்சியில் ஈடுபட்டார், ஆப்பிரிக்காவுக்கும் சென்றார். நெல்லுக்காகத் தாம் உருட்டிய களிமண் விதை உருண்டைகளையே அங்கும் கையாண்டார். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் அகவையில் இயற்கை எய்தினார்.