காணாமற்போன காலத்துக்குப் பெயர் வைத்தவர்

நம் பல்கலைக்கழகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் திருமலையின் செம்பாறைச் சுவர் தெரியும். மலைப்பாதையில் ஏறும்போது கோவிந்த நாமத்துக்கு இடையே அந்தச் சுவரின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை நோக்குங்கள். கீழே அடுக்கு ஏதுமில்லாத கருங்கல். அதன்மேல், ஏடுகளை அடுக்கிவைத்தாற்போலப் படிந்த குவார்ட்சைட்டு. இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆனால் தொடும் அந்தக் கோட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் காணாமற்போயிருக்கின்றன. இத்தகைய இடைவெளிகளையே எல்லைக்கற்களாகக் கொண்டு இந்தியப் பாறைகளை வகுத்தவர் சர் தாமஸ் ஹென்றி ஹாலந்து.

1868ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அவர் பிறந்தார். இலண்டனில் பயின்று, 1890இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து கல்கத்தாவுக்கு வந்தார். வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை.

அவருக்குப் புகழ் தந்த முதல் கல் ஒரு கல்லறையில் கிடந்தது. கும்பினி வணிகர் ஜாப் சார்னாக் என்பவரைக் கல்கத்தாவின் புனித யோவான் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் சமாதியின் கல் வங்கத்துக் கல் அன்று. சென்னைக்கு அருகே பல்லாவரம் பக்கத்து மலைக்கல் என்று ஹாலந்து கண்டார். 1893இல் அதுபற்றி எழுதி, அந்த இனத்துக்குச் சார்னக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் அந்தக் கல்வகைகளை விரிவாக ஆராய்ந்து தனி நூலே வெளியிட்டார். இலங்கையிலும் அன்டார்க்டிகாவிலும் அதே இனத்துக் கல்லைக் கண்டவர்கள் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். கல் நம் ஊருடையது, பெயர் மட்டும் கும்பினி வணிகருடையது! பல்லாவரத்தின் பெயர் அதற்கு வாய்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1903இல் அவர் துறையின் தலைவரானார். இங்கே ஒரு செய்தியை மறைக்கலாகாது. அவருக்கு மூத்தவரான பிரமதநாத் போஸ் என்னும் இந்தியர் அதே துறையில் இருந்தார். இளையவரைத் தலைவராக்கியதும் போஸ் பதவியை விட்டு விலகினார். மறு ஆண்டில், மயூர்பஞ்சு இரும்பைப்பற்றி ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதியவர் அவரே. ஹாலந்தின் திறமையில் ஐயமில்லை. ஆயினும் போஸுக்கு நேர்ந்தது முறையன்று.

தலைவராயிருந்த காலத்தில்தான் ஹாலந்து தம் பெரிய வேலையைச் செய்தார். கடப்பைப் பாறைகளை வில்லியம் கிங் முன்னரே அளந்து, பெயரிட்டு, 1872இல் நூலாக வெளியிட்டிருந்தார். திருமலைக் குவார்ட்சைட்டும் அந்தக் குடும்பமே. ஆனால் அவற்றை உலகக் கணக்கில் எந்தக் காலத்தில் வைப்பது? ஐரோப்பாவில் சிப்பியும் எலும்பும் பார்த்து அடுக்கின் காலத்தைச் சொல்வார்கள். இங்கே அத்தகைய சான்று இல்லை. ஐரோப்பியப் பெயர்களை இந்தியப் பாறைமேல் வலிந்து ஒட்டுவது பொருந்தாது என்று ஹாலந்து துணிந்தார். படிவு நின்று, நிலம் தேய்ந்து, மீண்டும் படிவு தொடங்கிய இடைவெளிகள் இந்த நாட்டில் எங்கெங்கே உள்ளனவோ அவையே எல்லை என்றார். அவ்வாறு நான்கு வகுப்புகள் பிறந்தன: அடியில் ஆர்க்கேயன், அதன்மேல், பழமையைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லால் புராணம், பின்னர் திராவிடம், அதற்கும் பின்னர் ஆரியம்.

பட்டிமன்றம் பேசும் நம் நண்பர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள் என்று தெரியும். இங்கே இனமும் இல்லை, மொழியும் இல்லை, வெறும் பெயர்கள். வேடிக்கை என்னவென்றால், அவருடைய திராவிட வகுப்புப் பாறைகள் தென்னாட்டில் இல்லை. ஸ்பிதியிலும் காஷ்மீரத்திலும் தேட வேண்டும். நம் அரியலூர்ப் பாறைகளோ ஆரிய வகுப்பில் அடங்கிவிட்டன!

வகுத்தபோது அவர் கையில் வயது என்ற எண் எதுவும் இல்லை. யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கைக்கொண்டு போல்ட்வுட் என்னும் அமெரிக்கர் கனிமங்களின் வயதை வெளியிட்டதே 1907இல்தான். திருமலையில் மேற்கல்லுக்கு ஏறத்தாழ 160 கோடி ஆண்டு, கீழ்க்கல்லுக்கு 210 கோடிக்கும் மேல், நடுவே 50 கோடி இல்லை என்பது பிற்காலத்தில் பலரும் எடுத்துச்சொல்லும் கணக்கு. புதிய அளவீடுகள் வரவர அந்த எண்கள் மாறுகின்றன. எண் மாறினாலும் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மலைப்பாதையின் அந்த இடத்தை நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துள்ளது.

1909இல் ஹாலந்து தலைமையை விட்டு மான்செஸ்டரில் பேராசிரியரானார். 1916இல் இந்தியக் கைத்தொழில் ஆணைக்குழுவுக்குத் தலைவராக மீண்டும் வந்தார். 1929 முதல் 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைவர். 1947 மே 15ஆம் நாள், இந்தியா விடுதலை பெறுவதற்கு மூன்று மாதம் முன்னதாக, மறைந்தார்.

திராவிடம், ஆரியம் என்ற இரு பெயர்களும் நிலவியல் ஏடுகளிலிருந்து மெல்ல மறைந்தன. சார்னக்கைட்டும் புராணமும் நின்றுவிட்டன. கடப்பை, விந்தியப் படிவுகளை இன்றும் ஆய்வாளர்கள் புராணப் படிவுகள் என்றே எழுதுகிறார்கள்.