மோகன் குமாரமங்கலம்

மோகன் குமாரமங்கலம் (நவம்பர் 1, 1916 - மே 31, 1973) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் இந்திய நடுவண் அமைச்சரும் ஆவார். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயனின் மகன். இலண்டனில் பிறந்து, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் பயின்று, பொதுவுடைமைக் கட்சியில் இணைந்தார். 1966இல் சென்னை மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரானார். பின்னர் காங்கிரசில் சேர்ந்து 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குத் தெரிவானார். உருக்கு, சுரங்கத்துறை அமைச்சராக நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கினார்.

விமான விபத்து

மே 31, 1973 இரவு, சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம், புழுதிப் புயலினூடே பாலம் விமான நிலையத்தை நெருங்குகையில் உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த 65 பேரில் இவர் உட்பட 48 பேர் இறந்தனர். அந்நிறுவனத்தின் தலைவராகவும் இவர் முன்பு இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாத நிலையில், உயரமானி குறித்த எல்லையைக் காட்டியதும் மேலும் இறங்காமல் மேலெழ வேண்டும் என்பது விதி. அவ்வெல்லைக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணமெனக் கண்டறியப்பட்டது. விதி இருந்தது, அதனைக் காக்க விமானியின் கவனம் மட்டுமே இருந்தது. தரை நெருங்குவதை ஒலியெழுப்பி உணர்த்தும் கருவியைப் பெரிய தாரை விமானங்களில் பொருத்த வேண்டுமென அமெரிக்கா ஆணையிட்டது 1974 டிசம்பரில்தான். அதற்கும் வர்ஜீனியாவில் மற்றொரு விபத்து நிகழ வேண்டியிருந்தது.