டிஸ்க் பிரேக்கைத் தந்த லான்செஸ்டர் போரையும் கணக்கிட்டார்

பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்குக் காப்பெற் போட்ட பின்னர் முள்ளிவாய்க்கால் ஊடாக மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. அவற்றில் பலவற்றின் முன் சில்லில் தெரியும் வட்டத் தகடுதான் டிஸ்க் பிரேக். 1902இல் பிரித்தானியாவில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் பிரெடெரிக் லான்செஸ்டர். அவருடைய இன்னொரு கணக்கு எங்களுக்கு வேறு விதத்தில் நெருக்கமானது.

1868 ஒக்டோபர் 23இல் லண்டனில் பிறந்தவர். தந்தை கட்டடக் கலைஞர். பொறியியல் படித்தார், பட்டம் பெறவில்லை. பேர்மிங்ஹாமில் எரிவாயு இயந்திரத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர், 1890களின் நடுவில் சொந்தமாகக் கார் செய்தார். 1899இல் சகோதரர்களுடன் கம்பனி தொடங்கினார். ஐந்தே ஆண்டுகளில் அது பண நெருக்கடியில் விழுந்து, பின்னர் மறுபடி எழுந்தது.

அவருடைய பிரேக் எளிமையானது. சில்லோடு சுற்றும் மெல்லிய தகட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது. கவ்வும் பாகத்தில் செம்பு வைத்தார். அது காது கிழியக் கிறீச்சிட்டது. புழுதி வீதிகளில் விரைவாகத் தேய்ந்தது. யோசனை கிடப்பில் போனது.

பிறகு போர் வந்தது. 1914இல் எழுதத் தொடங்கி 1916இல் நூலாக்கிய கட்டுரைகளில், இலக்குப் பார்த்துச் சுடும் போரில் படையின் வலு ஆள்தொகையின் வர்க்கத்துக்கேற்பக் கூடும் என்று காட்டினார். சம திறனுள்ள 5,000 பேரும் 4,000 பேரும் கடைசிவரை மோதினால் மிஞ்சுவது 1,000 பேரல்ல, 3,000 பேர். பாதி ஆட்களுள்ள தரப்பு ஈடுகொடுக்க, ஒவ்வொருவருக்கும் நான்கு மடங்கு திறன் வேண்டும். படைத்துறை ஆய்வாளர்கள் இன்றும் இந்தச் சமன்பாடுகளை எடுத்தாள்கிறார்கள்.

அவற்றில் இரண்டு தரப்புகளுக்குத்தான் எழுத்துகள் உண்டு. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் நெருக்கப்பட்ட சனங்களைப் போன்றவர்களுக்கு ஓர் எழுத்தும் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. விமானங்களைச் சிதறவிடாமல் திரட்டிப் பயன்படுத்த வேண்டும் என்று வாதிடவே அவர் எழுதினார். ஆனாலும் 2009 மே மாதத்தில் இங்கே எரிந்து குவிந்து கிடந்த உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கண்டவர்களுக்கு அந்த விடுபடல் உறைக்கும்.

கடைசி ஆண்டுகளில் பார்கின்சன் நோயும் பார்வைக் குறைவும் பணக் கஷ்டமும் அவரை வாட்டின. 1946 மார்ச் 8இல் பேர்மிங்ஹாமில் இறந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1953இல், லு மான் 24 மணி நேர ஓட்டத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. அதன் பிறகுதான் அவருடைய தகடு சாதாரண கார்களுக்கும் வந்தது.

பிரேக்கிலும் ஒரு வர்க்கம் இருக்கிறது. வேகம் 40 கிலோமீற்றரிலிருந்து 80 ஆனால் டிஸ்க் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகும். வேகமான வண்டிக்குப் பெரிய, கனமான, நடுவில் காற்றோடும் டிஸ்க் தேடுவது இதனால்தான். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க எடுப்பு, ஆனால் கடும் சூட்டில் ஓட்டையிலிருந்தே வெடிப்பு ஓடலாம். ஓட்டப்பந்தயப் பாட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது முதல் பிரேக்கிலேயே ஏமாற்றும். வீதிக்கென்றே செய்த பாட்டை வாங்குங்கள். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை அளந்து பாருங்கள். புதுப் பாட் போட்டதும், வெறிச்சோடிய வீதியில் நடுத்தர வேகத்திலிருந்து பல தடவை மெதுவாக அழுத்தி, டிஸ்க்கோடு படியவிட்ட பிறகு ஓடுங்கள்.