குருவியைச் சுட்ட சிறுவன்

வாலாஜாபாத்திலும் காஞ்சிபுரத்திலும் பட்டு நெய்கிறார்கள். அந்த ஊர்களைச் சுற்றியுள்ள வயல்வெளியில், பனை மரங்களில், இன்னொரு நெசவாளியும் உண்டு. அதற்குத் தறி இல்லை, நாடாவும் இல்லை. அலகு ஒன்றுதான் உண்டு. அதுதான் தூக்கணாங்குருவி.

இந்தக் குருவியின் குடும்ப ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். அவர் பெயர் சலீம் அலி. நாடே அவரைப் பறவை மனிதர் என்று அழைத்தது. ஆனால், அவர் முதலில் குருவியைச் சுட்டவர்!

வேட்டைக்காரப் பிள்ளை

சலீம் அலி 1896 நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தை இறந்தார். மூன்று வயதில் தாயும் இறந்தார். மாமா அமிருதீன் தயாப்ஜி, பிள்ளையைத் தம் வீட்டில் வளர்த்தார்.

மாமா வேட்டையில் பிரியம் உள்ளவர். சிறுவன் கையிலும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. சுமார் பத்து வயதில் ஒருநாள் அவன் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். கையில் எடுத்துப் பார்த்தான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு! வீட்டில் காணும் சிட்டுக்குருவிக்கு அப்படி இல்லையே! இதைத் தின்னலாமா, கூடாதா? மாமாவிடம் ஓடினான்.

மாமாவுக்கும் விடை தெரியவில்லை. ஒரு கடிதம் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்தவர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். அவர் சிறுவனைக் கடிந்துகொள்ளவில்லை. அது மஞ்சள் தொண்டைக் குருவி என்று சொன்னார். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பாடம் செய்து வைத்த பறவைகள் வரிசை வரிசையாக இருந்தன. இத்தனை வகையா என்று சிறுவன் மலைத்துப் போனான்.

அன்றைக்குப் போன வழி, பின் வாழ்நாள் முழுவதற்கும் வழியாயிற்று.

வேலை போயிற்று

படிப்பு எளிதாக வரவில்லை. 1914-ல் கல்லூரியை விட்டுப் பர்மாவுக்குப் போனார். அங்கே குடும்பத்தாரின் சுரங்கத் தொழில் இருந்தது. ஆனால் அவர் கண் காட்டுப் பறவைகள் மீதே இருந்தது. பம்பாய் திரும்பி விலங்கியல் கற்றார். 1918-ல் தெஹ்மினாவை மணந்தார்.

1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. பிறகு ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பயின்றார். 1930-ல் ஊர் திரும்பினால், வேலை இல்லை! பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் இடிந்துபோயிருப்பார். சலீம் அலியும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு அக்கரையில் உள்ள கிஹீம் என்ற கடற்கரைக் கிராமத்தில் போய்த் தங்கினார்கள். அருகில் ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்ற மனிதர், நாள் முழுவதும் அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆண் நெய்யும், பெண் தேர்ந்தெடுக்கும்

அப்போது தெரிந்தது அந்த ரகசியம். ஆண் குருவிதான் கூடு நெய்கிறது. பாதி நெய்ததும் பெண் வந்து பார்க்கிறது. பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். பெண் ஏற்ற பிறகே ஆண் கூட்டை முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டை நெய்து இன்னொரு பெண்ணைத் தேடுகிறது! 1931-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். அறிஞர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுக்கப் போனார். ஐதராபாத், திருவாங்கூர், கொச்சி என்று காடு காடாக அலைந்தார். தெஹ்மினாவும் கூடவே அலைந்தார். 1939-ல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்தார். அந்தத் துயரத்துக்குப் பின்னும் சலீம் அலி வேலையை விடவில்லை. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. பின்னர் அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து பத்துத் தொகுதிகள் எழுதினார். ஒவ்வொரு பறவையும் என்ன தின்னும் என்ற குறிப்பும் அவற்றில் உண்டு.

குருவி பகையா?

தானியம் தின்னும் பறவை உழவனுக்குப் பகை என்று பலர் எண்ணுகிறார்கள். சீனாவில் 1958-ல் அப்படித்தான் எண்ணிக் குருவிகளைக் கொன்று குவித்தார்கள். பிறகு பயிரில் பூச்சிகள் பெருகின. 1960-ல் அந்த வேட்டையை நிறுத்தினார்கள். சிட்டுக்குருவி தானியம் தின்றாலும், தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டுகிறது.

நம் பக்கத்து மக்களுக்கு இது முன்பே தெரியும். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் பிளேஸ் அதற்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாயிற்று.

எதற்கு எந்தத் தானியம்?

முற்றத்தில் வெறும் சோற்றை வைத்தால் காகமும் மைனாவும்தான் வரும். சிட்டுக்குருவி வேண்டுமானால் தினை, சாமை, கம்பு, அரிசி நொய் வையுங்கள். சில்லைக்கும் தினை, சாமை போதும். புறா, தானியத்தை உமி நீக்காமல் அப்படியே விழுங்கும். அதற்குக் கம்பும் சோளமும். கிளிக்குச் சூரியகாந்தி விதை, மக்காச்சோளம், உப்பில்லாத வேர்க்கடலை. தூக்கணாங்குருவி நெல்லும் புல் விதையும் தேடி வயலில் மேயும். அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி, கூடு தொங்கும் மரத்தை வெட்டாமல் இருப்பதே.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் கலந்தால் புறாக்களே காலி செய்துவிடும். சிறு தானியத்தைச் சிறிய தட்டில் உயரத்தில் தொங்கவிடுங்கள். சோளத்தைத் தரையில் தூவுங்கள். அறுவடையில் நாலு நெற்கதிரைக் கட்டி இறவாணத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அதைவிட நல்ல தட்டு வேறில்லை.

மருந்து கலந்த விதை நெல்லை ஒருபோதும் போடாதீர்கள். அது உயிரைக் குடிக்கும். பூசணம் பிடித்த தானியமும் ஆகாது. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள். பூனை எட்டாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரை பறவைகளோடு

சலீம் அலிக்கு அரசு 1958-ல் பத்மபூஷணும் 1976-ல் பத்மவிபூஷணும் அளித்தது. 1985-ல் மாநிலங்களவை உறுப்பினராக நியமித்தது. 1987 ஜூன் 20-ந் தேதி, தொண்ணூறு வயதில் அவர் காலமானார். 1990-ல் கோயம்புத்தூர் ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவை ஆராய்ச்சி மையம் அமைந்தது.

அவர் பெரிய கருவி எதையும் கொண்டு இதைத் தொடங்கவில்லை. செத்த குருவியின் தொண்டையை உற்றுப் பார்த்தார். பிறகு உயிருள்ள குருவிகளைப் பார்க்கத் தொடங்கினார். நீங்களும் ஒரு கைப்பிடி தினையை வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். முதல் நாள் ஒன்றும் வராமல் போகலாம். பொறுத்திருங்கள், வரும்.